அட்டைப்பெட்டியா, அலமாரியா, தண்டவாளமா?

ஓடாத நேரத்தில் மாடல் ரயில் எங்கே இருக்க வேண்டும்? சேகரிப்பவர்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வருகிறார்கள். வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்பார் சிலர். கண்ணாடி அலமாரியில் வைத்தால்தான் அழகு என்பார் சிலர். ரயில் என்றால் தண்டவாளத்தில்தான் நிற்க வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பத்து இன்ஜின் உள்ள வீட்டில் இது பேச்சோடு போய்விடும். ஆயிரம் இருக்கும் வீட்டில் இடம், பணம், ஈரம், வாரிசு என்று எல்லாமே இதில் வந்து சேர்கின்றன.

இந்த விவாதம் பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே நடந்து வந்திருக்கிறது. இன்ஜின் எந்த உலோகத்தில் வார்க்கப்பட்டது, அதைச் சுற்றியிருக்கும் பஞ்சு எதனால் ஆனது என்ற கேள்விகள் தாமதமாகத்தான் எழுந்தன. அவை எழுந்த பிறகு பழைய விடைகள் ஒவ்வொன்றும் சற்று ஆட்டம் கண்டன.

தரையில் தொடங்கிய வழக்கு

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் முதலில் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்களைச் செய்து விற்றது. 1891 லைப்சிக் சந்தையில் அது ஒரு புதுமையைக் கடைவிரித்தது: எண் கொடுத்து வரையறுத்த தண்டவாள அகலங்களும், அவற்றில் ஓடும் ரயில்களும். அதற்கு முன்பு பொம்மை ரயில் என்பது தனித்த பொருள், வாங்கினால் முடிந்தது. இப்போதோ இந்த ஆண்டு இன்ஜின், அடுத்த ஆண்டு இரண்டு கோச், அதற்கடுத்த ஆண்டு ஒரு ஸ்டேஷன் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். மாடல் ரயில் ‘சேகரிப்பு’ ஆனதற்கும், அதை எங்கே வைப்பது என்ற தலைவலிக்கும் மூலம் ஏறக்குறைய ஒன்றுதான்.

1920இல் லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி தன் பெயரிலேயே ரயில்களைக் கொண்டுவந்தபோதும் வழக்கம் எளிமையாகவே இருந்தது. பிள்ளைகள் தரையில் தண்டவாளத்தை இணைப்பார்கள், சாவி கொடுத்து ஓட்டுவார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போடுவார்கள். அட்டைப்பெட்டி எடுத்துவைக்க உதவியது, அவ்வளவே. அதற்கென்று ஒரு விலை வரும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே ரயில்கள் சுருங்கின. 45 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒன்றாம் கேஜிலிருந்து 32 மில்லிமீட்டர் ஓ கேஜ், 1930களில் 16.5 மில்லிமீட்டர், 1960களில் 9 மில்லிமீட்டர் என் கேஜ், 1972இல் மார்க்லினின் 6.5 மில்லிமீட்டர் இசட் கேஜ். தகரத்தில் செய்த பெரிய இன்ஜினுக்கு அகலமான அலமாரித் தட்டு வேண்டும். இசட் கேஜ் ரயில் முழுவதும் ஒரு பென்சில் பெட்டியில் அடங்கிவிடும். எனவே எல்லாருக்கும் பொதுவான விடை என்று ஒன்று இருந்திருந்தாலும் அது இந்தச் சுருக்கத்தில் காலாவதியாகியிருக்கும்.

அட்டைப்பெட்டிக் கட்சி

அமெரிக்காவில் 1954இல் ரயில் சேகரிப்போர் சங்கம் உருவானது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைப் பெரியவர்கள் வாங்கி விற்கும் பொருளாக நிறுவியதில் அதன் பங்கு பெரிது. பொருளின் நிலையை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் முறையை அது பரப்பியது. அட்டைப்பெட்டிக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதன் பிறகு பெட்டியைத் தூக்கியெறிவது பணத்தைத் தூக்கியெறிவதாயிற்று. லயனல் நிறுவனத்தின் ஆரஞ்சு, நீலப் பெட்டிகளில் சில, உள்ளேயிருக்கும் வண்டியைவிட அதிக விலைக்குப் போவதுண்டு. நூறாயிரக்கணக்கில் விற்ற வண்டி பல வீடுகளில் பிழைத்திருக்கும். அதன் பெட்டியோ கிறிஸ்துமஸ் காலையிலேயே கிழிந்திருக்கும்.

விலையைத் தாண்டியும் இந்தக் கட்சிக்கு நல்ல வாதம் இருக்கிறது. அட்டைப்பெட்டி ஓர் ஆவணம். ஹார்ன்பி ரயில்களைத் தயாரித்த மெக்கானோ நிறுவனத்தின் பல பெட்டிகளில் அச்சான மாதத்தையும் ஆண்டையும் காட்டும் குறியீடுகள் இருக்கின்றன. இன்ஜினைப் பார்த்து மட்டும் தீர்க்க முடியாத காலச் சிக்கலை அவை சில சமயம் தீர்த்துவைக்கும். தூசியும் வெளிச்சமும் உள்ளே போகாது என்பது கூடுதல் நன்மை.

பலவீனங்களும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பழைய அட்டை அமிலத்தன்மை கொண்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளது நசுங்கும். கிழிசலுக்கு ஒட்டிய செல்லோ டேப் பழுப்பேறிக் கறையாகும். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை பின்னால் வருகின்றன. பெட்டியில் வைத்துவிட்டுப் பத்தாண்டு திறக்காதவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை என்பதே இந்தக் கட்சியின் பெரிய ஓட்டை.

இந்த வழியில் நேர்த்தியான விடை கண்டவர்கள் ஜப்பானியர்கள் எனலாம். அங்கே இடம் குறைவு, ரயில்களும் என் கேஜ். காட்டோ போன்ற நிறுவனங்கள் ஒரு முழு ரயிலையே, எல்லாக் கோச்சுகளோடும், புத்தக வடிவப் பிளாஸ்டிக் உறையில் விற்கின்றன. முதுகில் ரயிலின் பெயர் இருக்கும். புத்தக அலமாரியில் நிறுத்தி வைக்கலாம். வேண்டியதை உருவி எடுக்கலாம். உறைக்குள் ஒவ்வொரு கோச்சுக்கும் அளவெடுத்து வெட்டிய பஞ்சுக் குழி. அந்தப் பஞ்சு யூரித்தேன். அதைப் பற்றியும் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால்

காட்சிக்கு வைப்பவர்கள் தங்கள் பரம்பரையைத் தாராளமாகவே பின்னோக்கி நீட்டலாம். 1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் தொடங்கிய லயனல் நிறுவனத்தின் முதல் மின்சார ரயிலே கடை ஜன்னலில் ஆட்களை நிறுத்திப் பார்க்கவைப்பதற்காகச் செய்யப்பட்டதுதான். வாடிக்கையாளர்கள் அதையே விலைக்குக் கேட்டார்கள். பார்க்க முடியாத சேகரிப்பு எதற்கு என்பது இவர்களுடைய கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அலமாரி வெறும் அலமாரி அன்று. சூரிய வெளிச்சத்தில் தகரத்தின் மேல் அச்சிட்ட வண்ணங்கள் மங்கும். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும்; பிளைவுட், எம்.டி.எஃப் போன்ற பலகைகளின் பசையிலிருந்தும் உலோகத்தைத் தாக்கும் ஆவிகள் வரலாம். ஈயத்தில் வார்த்த பயணிகளும் போர்ட்டர்களும் இறுக்கமான மரப்பெட்டிக்குள் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்குவது இதனால்தான். கப்பல் மாடல்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் ஈயப் பாகங்களில் இதே தொல்லையைக் கண்டிருக்கின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973இல் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனையை வகுத்தார். அலமாரிக்குப் பயன்படுத்த நினைக்கும் பலகை, துணி, பசை ஆகியவற்றின் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு மூடிய குடுவையில், சிறிது ஈரத்துடன், 60 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ பூத்தாலோ அந்தப் பொருளுக்கு அலமாரியில் இடமில்லை. பவுடர் கோட்டிங் செய்த எஃகும் கண்ணாடியும் அருங்காட்சியகங்களில் விரும்பப்படுவதற்கு இத்தகைய சோதனைகளே காரணம். வீட்டில் தச்சரை வைத்து அழகான மர அலமாரி செய்தவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

ஓடட்டும் என்பவர்கள்

மூன்றாம் தரப்பு சேமிப்பையே தண்டவாளத்தின் பகுதியாக்கிவிடுகிறது. காட்சிக்கு வராத ரயில்கள் மலைக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ மறைந்த தடங்களில் வரிசையாக நிற்கும்; ஒன்று வெளியே போனால் மற்றொன்று உள்ளே வரும். ஜெர்மானியர்கள் இதை நிழல் நிலையம் என்கிறார்கள். 2001இல் திறந்த ஹாம்பர்க்கின் மினியட்டூர் வுண்டர்லேண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் இருக்கின்றன. மறைவான நிறுத்துதடங்கள் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. பிரிட்டனில் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் சிறிய லேஅவுட்டுகளில் வேறொரு உத்தி: ரயில் முழுவதும் நிற்கும் நீண்ட தட்டை அப்படியே தூக்கி மாற்றுவார்கள். விரல் இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

தொடாமலிருப்பது சிறிய நன்மையல்ல. கைப்பிடிக் கம்பியும் படிக்கட்டும் உடைவது ஓட்டத்தில் அல்ல, எடுத்து வைக்கும்போது என்பது ஓட்டுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அவ்வப்போது ஓடும் மோட்டாரில் எண்ணெய் இறுகிப் பிசினாவதும் குறைவு. மறுபக்கம், சக்கரப் பூச்சு தேயும், தூசி பல்சக்கரத்துக்குள் புகும், ரப்பர் வளையம் மாட்டிய சக்கரங்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த வளையம் தட்டையாகிவிடக்கூடும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்துவதன் அபாயத்துக்கு மறக்க முடியாத உதாரணம் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் இருக்கிறது. ஜான் ஆலன் தன் வீட்டில் பல ஆண்டுகள் கட்டிய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ லேஅவுட் அமெரிக்க மாடல் ரயில் உலகில் மிகுதியாகப் பேசப்பட்ட படைப்புகளில் ஒன்று. அவர் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் தீப்பிடித்து அது அழிந்தது. இன்றுள்ளவர்கள் அதை அறிவது முக்கியமாக அவர் எடுத்துவைத்த புகைப்படங்கள் வழியாகத்தான்.

இதற்கு எதிர்த்துருவம் இங்கிலாந்தில் ஜான் ஏஹர்ன் கட்டிய மேடர் வேலி. அது இப்போது ஆக்ஸ்ஃபோர்ட்ஷரின் பென்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே ஓட்டப்படுகிறது. ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் அது ரயிலா என்ற கேள்விக்கு இரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட சமரசம் இது.

உலோகத்துக்குள் இருக்கும் நோய்

மூன்று தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: சில ரயில்கள் எங்கே வைத்தாலும் அழியும்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இன்ஜின் அடிச்சட்டங்களும் சக்கரங்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டன. கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோக மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கும். வார்ப்பு மெல்ல உப்பும், வளையும், விரிசல் விடும், கடைசியில் கையில் பொடியாகும். உப்பிய அடிச்சட்டம் தன் மேல் கவிழ்ந்திருக்கும் இன்ஜின் உடலையும் பிளந்துவிடும். 1929இல் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்டு ஜமாக் என்ற கலவை வரிசையை உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய தர அளவுகள் ஈயத்தை ஏறக்குறைய 0.005 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும் தரம் காக்கும் ஒழுங்கு பொம்மைத் தொழிற்சாலைக்கு எப்போதும் வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. 2000களில் வெளிவந்த சில மாடல்களிலும் இதே நோய் தலைகாட்டியது.

இதற்கு மருந்தில்லை. ஈரமும் வெப்பமும் வேகத்தைக் கூட்டும், வறண்ட குளிர்ந்த சூழல் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆகவே போருக்கு முந்தைய இன்ஜினைப் பெட்டியில் பூட்டிவைப்பதற்கும் வெளியே வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அதன் அழிவைக் கவனிக்கிறோமா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. பத்தில் பத்து மதிப்பெண் பெறும் பெட்டிக்குள் நொறுங்கிய இன்ஜின் இருப்பது கதையல்ல, நடப்பது.

அடுத்தது பஞ்சு. யூரித்தேன் ஃபோம் ஈரத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் சிதையும். சில பத்தாண்டுகளில் பிசுபிசுப்பாகியோ தூளாகியோ வண்ணப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். பித்தளை இன்ஜின்களைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தவர்களில் பலர் இதை நொந்து கண்டுபிடித்தார்கள். பாலிஎத்திலீன் ஃபோம் இந்த வகையில் எவ்வளவோ மேல், ஆனால் தொழிற்சாலைப் பெட்டியில் அது அரிது.

தெர்மகோலின் கதை இன்னும் விசித்திரம். தெர்மகோல் தனியாக இருந்தால் பெரிதாகக் கெடாது. அதன் குழிக்குள் பி.வி.சி. உறை போட்ட மின்வயரைச் சுருட்டி வைத்தால் வயரை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து தெர்மகோலை உருக்கும். ஸ்டார்ட்டர் செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரும் வயரும் தெர்மகோல் தட்டிலேயே வருவதைப் பார்த்தால், பெட்டியை வடிவமைத்தவர் அடுத்த விற்பனைப் பருவத்துக்கு அப்பால் யோசித்திருப்பாரா என்று சந்தேகம் எழுகிறது. 1950களின் கோச் ஜன்னல்களுக்கும் பெட்டி மூடிகளுக்கும் பயன்பட்ட அசிட்டேட் தாளோ காடி வாடை வீசிச் சுருங்கும். அந்த ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் விடாது.

இங்கேதான் காற்றுப்புகாமல் அடைப்பதா, சுவாசிக்க விடுவதா என்ற தகராறு வருகிறது. சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடினால் வெளி ஈரம் தடுக்கப்படும், ஆனால் உள்ளிருந்து எழும் அமில ஆவி வெளியேற வழியில்லை. திறந்து வைத்தால் ஆவி கலைந்துவிடும், ஈரம் புகும். உலோகத்துக்கு வறட்சி நல்லது. அட்டையும் காகிதமும் அளவுக்கு மீறி வறண்டால் முறியும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அருங்காட்சியகங்கள் 50 சதவீதத்தை ஒட்டிய இறுக்கமான ஈரப்பத வரம்பை நெடுநாள் இலட்சியமாக வைத்திருந்தன. மின்செலவையும் சூழலையும் கருதிப் பெரிய அருங்காட்சியகங்களின் பிஸோ குழு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி என்று வரம்பைத் தளர்த்தியது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்த மேல்வரம்பையும் தாண்டியே காற்று நிற்கிறது. ஐரோப்பியக் கையேடுகளை அப்படியே இங்கே பின்பற்றுவது கடினம். ஐரோப்பாவிலேயே பரணும் நிலவறையும்தான் ரயில்களுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட இடங்கள். பரண் கோடையில் கொதிக்கும், நிலவறை ஈரம் கோக்கும். வீட்டில் இருக்கும் மிக மோசமான இரண்டு இடங்களை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு பாதுகாப்பைப் பற்றி நூறாண்டு விவாதித்திருக்கிறார்கள்.

எந்த வரிசையில்?

வைக்கும் இடம் முடிவானாலும் அடுக்கும் வரிசை முடிவாகாது. தகர ரயில் சேகரிப்பவர்கள் தயாரிப்பாளர் வாரியாகவும் கேஜ் வாரியாகவும் அடுக்குவார்கள்; மார்க்லினுக்கு ஒரு சுவர், பிங் நிறுவனத்துக்கு ஒரு சுவர். அமெரிக்காவில் விலைக் கையேடுகள் பட்டியல் எண் வரிசையில் வரத் தொடங்கியபின் அலமாரிகளும் அந்த எண்களைப் பின்தொடர்ந்ததாகத் தெரிகிறது. இதனால் சேகரிப்பில் எது இல்லை என்பது பளிச்சென்று தெரியும். எது எதோடு ஓடியது என்பது தெரியாது.

உண்மை ரயில்களின் நகலைச் சேர்ப்பவர்களுக்குக் காலமே முக்கியம். ஐரோப்பிய மாடல் ரயில் அமைப்புகளின் கூட்டமைப்பான மோரோப், ரயில்வே வரலாற்றை ஆறு காலகட்டங்களாகப் பிரித்துத் தரப்படுத்தியிருக்கிறது. முதலாவது ஏறத்தாழ 1920 வரை. நான்காவது 1970 முதல் 1990 வரை. கடைக்காரர் முதல் சேகரிப்பவர் வரை இந்த எண்களிலேயே பேசுகிறார்கள். ஆனால் முப்பதாண்டு ஓடிய இன்ஜின் இரண்டு காலகட்டங்களில் கால் வைத்திருக்கும். 1935இல் செய்த தகர பொம்மையையோ அதன் கற்பனை வண்ணங்களால் எந்தக் காலகட்டத்திலும் சேர்க்க முடியாது. மூன்றாவது வழி, ஓடும் ரயிலாகவே சேர்த்து வைப்பது: இன்ஜின், கோச்சுகள், கார்டு வேன் எல்லாம் ஒரே தட்டில். ஓட்டுபவருக்கு இதுதான் வசதி. ஒரே இன்ஜினை மூன்று ரயில்களுக்குப் பயன்படுத்துபவருக்கு மட்டும் குழப்பம்.

அருங்காட்சியகங்கள் இந்தச் சண்டையிலிருந்து நழுவிக்கொண்டன. வந்த ஆண்டு, வந்த தொகுதி, தொகுதிக்குள் வரிசை என மூன்று பகுதி எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பொருளை இடம் உள்ள எங்கு வேண்டுமானாலும் வைக்கிறார்கள். ஒழுங்கு அலமாரியில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுச் சேகரிப்புக்கும் இதுவே பொருத்தமானது என்று வாதிட இடமுண்டு: நீளமான கோச்சுகள் ஒரு தட்டில், கனமானவை கீழே, யூரித்தேன் பஞ்சுள்ளவை அடிக்கடி திறந்து பார்க்கும் இடத்தில் என்று பொருளின் தேவைப்படி வைத்துவிட்டு, காலத்தையும் கம்பெனியையும் ஏட்டில் தேடலாம். பதிவேடு தொலைந்தாலோ எழுதியவர் இறந்தாலோ எஞ்சுவது எண்கள் மட்டுமே என்பது இதன் பலவீனம்.

டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தபின் பதிவேடு விருப்பத்துக்குரியதாக இல்லை. 1980களின் நடுவில் வந்த மார்க்லின் டிஜிட்டலில், இன்ஜினைத் தனியாக அழைத்து இயக்க உதவும் முகவரிகள் 80தான். பின்னர் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் தரப்படுத்திய டி.சி.சி. முறையில் நான்கிலக்க முகவரி சாத்தியமாயிற்று. இன்ஜினின் பக்கவாட்டில் எழுதிய எண்ணையே முகவரியாக வைப்பது பரவலான வழக்கம். ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேகம், விளக்கு, ஒலி என்று டஜன் கணக்கில் அமைப்புகள். ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளில் இவற்றைச் சேமித்துவைப்பவரிடம் தானாகவே ஓர் இருப்புப் பட்டியல் உருவாகிவிடுகிறது. எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, அடிச்சட்டத்தை எப்போது சோதித்தது என்பதையும் அதில் சேர்ப்பவர்கள் குறைவு.

முடிவாகாதவை

பொதுவாக ஒப்புக்கொள்ளத்தக்கவை சில இருக்கின்றன. போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்பையும் யூரித்தேன் பஞ்சையும் கண்காணிப்பின்றி விடக்கூடாது. ஈயப் பாகங்களுக்கு ஓக் மரம் ஆகாது. சாவி ரயிலின் சுருள்வில்லைத் தளர்த்திவைக்க வேண்டும். பரணைவிட வாழும் அறை மேல். இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மற்றவை அப்படியல்ல. முப்பரிமாண அச்சில் எடுத்த பிசின் பாகங்கள் அரை நூற்றாண்டில் என்ன ஆகும் என்பதற்குப் போதிய அனுபவம் இன்னும் சேரவில்லை. டிஜிட்டல் இன்ஜினுக்குள் இருந்து ஒலி எழுப்பும் டிகோடர்களின் மின்தேக்கிகள் தளர்ந்தபின் அதே காலத்து மாற்றுப் பாகத்தைப் பொருத்துவதா, புதிய மின்னணுவைப் புகுத்துவதா என்பதற்கும் மரபு உருவாகவில்லை. சேகரிப்பு மொத்தமாகக் காக்கப்பட வேண்டுமா என்பதிலும் இருவேறு வழிகள் தெரிகின்றன: பல்லாயிரம் பொம்மைகளும் ரயில்களும் கொண்ட ஜெர்னி சேகரிப்பு 2014இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்குப் போய் ஒன்றாக நிற்கிறது; பாடகர் நீல் யங் தன் லயனல் ரயில்களில் பலவற்றை 2017இல் ஏலத்தில் விற்க, அவை பல கைகளுக்குப் பிரிந்தன. பிரிந்தவை ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றாக இருப்பவை ஒன்றையொன்று விளக்கும்.

சந்தை இன்னும் விடை சொல்லாத கேள்வி ஒன்று இப்போது அவசரமாகிக்கொண்டிருக்கிறது. 1970, 80களின் பித்தளை இன்ஜின்களும் புத்தக உறை ரயில்களும் பஞ்சு சிதையும் வயதை எட்டிவிட்டன. பஞ்சை நீக்கி வேறு ஃபோம் வைத்தால் இன்ஜின் பிழைக்கும், ‘தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே’ என்ற தகுதி போய்விடும். அப்படி மாற்றிய பெட்டிக்கு, மாற்றியவரின் தேதியிட்ட குறிப்போடு வந்தாலும், மதிப்பிடுபவர்கள் எத்தனை மதிப்பெண் கொடுப்பார்கள் என்பதைப் பொறுத்தே பலரும் அந்தப் பஞ்சைத் தொடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கக்கூடும்.